மினிமம் கட்டின கதை

எழுத்து கோணலாத்தான் வரும், மன்னிச்சுக்குங்க. அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். ஞாபகமும் முன்ன மாதிரி இல்லை. எது முன்னே எது பின்னேன்னு சில இடத்துல மாறியிருக்கும்.

எங்க வூடு கடத்தூருக்குப் பக்கத்துல. மருமகள் கல்யாணத்துக்கு முன்னாடி ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போனவள். அப்ப பேங்க்காரங்க ஒரு கிரெடிட் கார்டு குடுத்திருந்தாங்க. புள்ளை பொறந்து ஊரோட இருந்துட்ட பிறகு, அந்தக் கார்டுல பெரிய கிரைண்டர் ஒண்ணு வாங்கி இட்லி மாவு விக்க ஆரம்பிச்சா. மாவு நல்லாப் போச்சு. உளுந்து, அரிசியும் அந்தக் கார்டுலயே வாங்குனா.

மாசா மாசம் போன்ல கணக்கு வரும். மொத்தம்னு ஒரு தொகை, மினிமம்னு ஒரு சின்னத் தொகை. மருமகள் அந்தச் சின்னதைத் தவறாம கட்டுவா. எங்களுக்கெல்லாம் அது சரின்னுதான் பட்டுது. ஏன்னா எங்க பக்கத்துல சொசைட்டியில நகையை வெச்சா அப்படித்தான். வருசம் முடிஞ்சா வட்டியைக் கட்டி மாத்தி வெச்சுட்டு வருவோம். அசல் அப்படியே கெடக்கும், ஏறாது. என் தோடு எத்தனையோ வருசம் அப்படிக் கெடந்திருக்குது. வட்டி நின்னாத்தான் கேவலம். மினிமம்ங்கறதும் அந்த வட்டிதான்னு நெனச்சுட்டோம்.

ஒரு நாள் மகன் அவ போனை வாங்கிப் பாத்தான். மொத்தத் தொகை கிரைண்டர் வெலையைத் தாண்டி எங்கேயோ போயிருந்துச்சு. "மாவுதான் பொங்கும்னு பாத்தா, கடனும் சேந்து பொங்குதே"ன்னான். சாயங்காலம் மருமகள் எங்கிட்ட வந்து, பழைய கம்பெனியிலேயே கேட்டுட்டேன், வேலைக்கு எடுத்துக்கறாங்களாம், ஆஸ்டல்ல இருந்துக்கறேன், புள்ளையை நீங்க பாத்துக்குங்க அத்தைன்னா. கிரைண்டரை வித்துடலாம்னும் சொன்னா. புள்ளைக்கு இன்னும் பால்குடி மறக்கலை.

ஒரு தடவை பேங்க்ல கேட்டுப் பாக்கலாம் கண்ணு, அப்புறம் போகலாம்னேன். அவளுக்கு வெக்கம். எனக்கு அதைவிட. ஆபீசர் முன்னாடி நின்னு நான் பேசினதே கெடையாது. இருந்தாலும் புள்ளையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் தர்மபுரிக்கு பஸ் ஏறினோம்.

அங்க ஒரு பொம்பளை ஆபீசர் இருந்தாங்க. மருமகள் கிரைண்டர் வாங்கினது, மாவு விக்கறது எல்லாம் சொன்னா. கேக்க வந்ததை மட்டும் கேக்கலை, குனிஞ்சுக்கிட்டா. நான் அவ முதுகுக்குப் பின்னாடி நின்னிருந்தேன். எப்படித்தான் வாய் வந்துச்சோ.

"வட்டியைத் தவறாம கட்டினோமுங்க. நகைக்கடன் மாதிரி அசல் அப்படியே நிக்கோணுமில்லீங்களா?"

அவங்க சிரிக்கலை. நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உக்காரச் சொன்னாங்க.

"நீங்க கட்டினது வட்டி இல்லீங்க ஆயா. அபராதம் விழாம இருக்கறதுக்குக் கட்டற கொஞ்சம், அவ்வளவுதான். மிச்சத்துக்கு வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். பாக்கியை வெச்சுக்கிட்டு மறுபடி உளுந்து வாங்கினா, அதுக்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி."

கெடு தேதிக்குள்ள மொத்தத்தையும் கட்டிட்டா வாங்கின பொருளுக்கு வட்டியே இல்லையாம். அதை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. இப்ப என்ன பண்றதுன்னு மருமகள் கேட்டா. பாக்கி முழுசையும் மாசத் தவணையா மாத்தலாம், இப்ப ஓடறதைவிட வட்டி கொறைவு, அது முடியற வரைக்கும் கார்டுல ஒண்ணும் வாங்காதீங்கன்னு சொல்லி, தவணைத் தொகையையும் காட்டினாங்க. மாவு வித்து அதைக் கட்ட முடியுமான்னு அவ வெரல் வுட்டு எண்ணிப் பாத்தா. இழுத்துப் புடிச்சா முடியும்னா. அங்கேயே மாத்திக்கிட்டு வந்தோம்.

பஸ்ஸுல அவ, ஓசூருக்குப் போகலை அத்தைன்னா. நான் புள்ளையை அவ மடிக்கு மாத்திக் குடுத்தேன்.

மொத மாசங்க கஷ்டம்தான். உளுந்தைக் கையில காசு இருந்தாத்தான் வாங்கினோம், சில நாள் மாவே அரைக்கலை. இப்பப் பாதிக்கு மேல கட்டியாச்சு. பொம்மிடியில ஒரு டிபன் கடைக்கும் மாவு போகுது, மகன்தான் வண்டியில கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றான்.

நகைக்கடன் பழக்கத்துல எங்களாட்டம் யாராவது மினிமம் மட்டும் கட்டிக்கிட்டிருப்பாங்களோன்னுதான் இதை எழுதினேன். ஆபீசரம்மா சொன்னதை எனக்குப் புரிஞ்ச மட்டும் வெச்சிருக்கேன். வட்டி, அபராதம் பத்தி எழுதினது சரியான்னு வெவரம் தெரிஞ்சவங்க ஒருத்தர் பாத்துத் திருத்தினா புண்ணியமாப் போகும்.