உப்பு முதலில், சுண்ணாம்பு பிறகு

எங்கள் ஹா நாம் மாகாணத்தில் ஹுவானின் சூளையில் வேகும் சுட்ட சுண்ணாம்பு கப்பலேறி இந்திய இரும்பாலைக்குப் போகிறது. அவருக்கு ஆங்கிலக் கடிதம் எழுதுபவன் நான். வருடப்பிறப்பில் எங்கள் பக்கம் யாரும் சுண்ணாம்பு வாங்க மாட்டார்கள். வாங்கினால் உறவும் சுண்ணாம்பைப் போல வெளுத்து அற்றுவிடுமாம். உறவு கெடாமல் நிலைக்க உப்புதான் வாங்குவார்கள்.

இந்த வருடம் பண்டிகைக்கு மறுநாளே ஆலையின் கொள்முதல் அதிகாரி மேத்தாவிடமிருந்து செய்தி வந்தது: “ஐந்நூறு டன். இன்றே உறுதி செய்யாவிட்டால் வேறு சூளைக்குப் போவேன்.”

“இன்னிக்கு விக்க மாட்டேன்” என்றார் ஹுவான்.

“கெடுதல் வாங்கறவனுக்குத்தானேங்க?” என்றார் அவர் மனைவி லியென்.

“உறவு வெளுத்துட்டா அடுத்த ஆர்டரை உங்கப்பனா குடுப்பான்?”

மதியம் அவருக்கே ஒரு வழி தோன்றியது. “தம்பி, ஆர்டர்ல முதல் வரியா ஒரு மூட்டை உப்புன்னு போடு. அதை வாங்கிட்டு அப்புறம் சுண்ணாம்பை வாங்கட்டும்.”

கூச்சத்தோடு காரணத்தையும் எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

“இன்று சனிக்கிழமை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை உப்பும் வாங்க மாட்டோம், இரும்பும் வாங்க மாட்டோம். அவசரமில்லை, திங்கட்கிழமை உறுதி செய்யுங்கள்.”

படித்துச் சொன்னதும் ஹுவானின் முகம் மலர்ந்தது.

“பாத்தியா லியென்? எவ்வளவு விவரமான மனுஷன்! இவரை நம்பிக் கடனுக்கே சரக்கு அனுப்பலாம்.”