கோழிச் சோற்றுக் கடைக்குப் பின்னால் ஒரு பெட்ரோல் கார்

கார் விற்கும் தொழிலில், தான் விற்கும் காரைத் தானே ஓட்ட முடியாதவர்களுக்கென்று தனியாக ஒரு வெட்கம் இருக்கிறது. காப்புறுதி எடுக்காமல் காப்புறுதி விற்பவர்களே, இனிப்பு நீர் வியாதியோடு பலகாரக் கடை நடத்துபவர்களே, நீங்கள் என் சாதி. உட்காருங்கள், சொல்கிறேன்.

கையில் ஒட்டிய வாசனை

ஈப்போ நகரில் ஒரு ஷோரூமில் மின்சாரக் கார் விற்கிறேன். குடியிருப்பது சிலிபினில், அடுக்குமாடியின் நாலாவது மாடி. அங்கிருந்து வயரைத் தொங்கவிட்டா சார்ஜ் போட முடியும்? அதனால் என்னுடையது பழைய பெட்ரோல் கார். வாடிக்கையாளர் கண்ணில் படாமல் இருக்க, ஷோரூமுக்குப் பின்தெருவில் இருக்கும் கோழிச் சோற்றுக் கடையை ஒட்டி நிறுத்துவேன். சும்மா நிறுத்தினால் கடைக்காரர் முறைப்பார் என்று தினமும் ஒரு பொட்டலம் வாங்குவேன். கோழி பிடிக்காத ஆள் நான்.

ஒரு நாள் லெட்சுமி அக்காவும் அவர் கணவர் மணியம் அண்ணனும் வந்தார்கள். பத்து காஜா ஊர்ப் பக்கம், ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் எழும்பிய தாமான் குடியிருப்பில் வீடு. அண்ணன் பேட்டரியைப் பற்றிக் கேட்டார். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "நீ எதுல வேலைக்கு வார?" போன வாரம் ஒரு நாள், வாடிக்கையாளர் ஓட்டிப் பார்க்கும் டெமோ காரை வீட்டுக்கு எடுத்துப் போய், மறுநாள் அதில் வேலைக்கு வந்திருந்தேன். அதைக் காட்டி, "இதுலதான்கா" என்றேன். பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. "அப்ப சரி, நீ ஓட்டுறன்னா நானும் நம்பி ஏறுறேன்" என்று அக்கா அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். வேறு கேள்வி வருவதற்குள் பாரத்தை எடுத்து நீட்டினேன்.

அவர்கள் போனதும் கூட வேலை செய்யும் குமார் பக்கத்தில் வந்து என் கையை மோந்து பார்த்தான். காலையில்தான் என் காருக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு வந்திருந்தேன். "அக்கா, காடிய ஒளிச்சி வச்சிட்டீங்க லா. கையில அடிக்கிற பெட்ரோல் வாசனைய எங்க ஒளிப்பீங்க?"

எலுமிச்சம்பழம்

காரை ஒப்படைத்த அன்று பூசைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் வாங்கியவர் கூப்பிட்டால் எந்தக் கோயிலுக்கும் போவேன். நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, தேங்காய் உடைத்தாயிற்று. "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் ஐயர். மணியம் அண்ணன் பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை. ஐயர் காத்திருந்தார். சத்தம் வரவில்லையே என்று அண்ணன் மறுபடி அழுத்த, ஓடத் தயாராக இருந்த கார் அணைந்தது. "அண்ணே, மொதல்லயே ஸ்டார்ட் ஆயிடுச்சி" என்று நான் கத்த, அவர் இன்னொரு தடவை அழுத்தினார். கூட்டம் சேர்ந்துவிட்டது. பக்கத்தில் பூசைக்கு நின்ற பெட்ரோல் கார் ஒன்று உறுமிக் காட்டியது. அதன் சொந்தக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து, நகர்ந்த பழத்தைச் சரி செய்ய ஐயர் குனிந்தார். அந்த நேரம் பார்த்து அண்ணன் கியரைப் போட்டு மெல்ல மிதிக்க, கார் சத்தமில்லாமல் முன்னால் வந்தது. ஐயர் துள்ளி ஒதுங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு என்னிடம் சொன்னார்: "ஏம்மா, உசிரு இருக்கா இல்லையான்னு சாமிக்கே தெரியாத காடிய வித்திருக்கியே!"

மெக்கானிக் தம்பி

என் பழைய கார் மேட்டில் ஏறும்போது இழுக்கத் திணறியது. சிலிபினில் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். வேலைப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா? மின்சாரக் காருக்கு ஆயில் மாற்ற வேண்டாம், பிளக் மாற்ற வேண்டாம், புகை இல்லை, ஓட்டும் செலவும் குறைவு என்று காருக்கடியில் படுத்திருந்த தம்பியிடம் அளந்துகொண்டே இருந்தேன். அவன் முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தான். "அக்கா, நீங்க ஜெயிச்சா எனக்குச் சோறு இல்ல, நான் ஜெயிச்சா உங்களுக்குச் சோறு இல்ல. அது வரைக்கும் உங்க காடிக்கு ஆயில் மாத்திரலாமா?"

கிரைண்டர்

லெட்சுமி அக்காவின் தம்பிக்குத் தெலுக் இந்தானில் கல்யாணம். நாற்பதைத் தாண்டிய மாப்பிள்ளை. உடன்பிறந்தவர் அக்கா ஒருவர்தான், நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவர் அவர். ஞாயிற்றுக்கிழமை காலை, நான் மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் அக்காவின் போன் வந்தது. "செலின், காடி நின்னுபோச்சும்மா. செம்பனைக் காட்டு ரோட்டுல நிக்கிறோம். முகூர்த்தத்துக்கு நான் போயாகணும்."

ஷோரூம் பூட்டியிருந்தது, டெமோ கார் உள்ளே. என்னிடம் இருந்தது ஒன்றுதான். தெரிந்தே அந்தக் காரில் போனேன். வழியெல்லாம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

பட்டுச் சேலையோடு அக்கா ரோட்டோரம் நின்றார். என் காரின் சத்தம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அக்கா காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏர்கோன் வேலை செய்யாத காரில், சன்னலைத் திறந்து வைத்து, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நடந்ததை மணியம் அண்ணன்தான் பின்சீட்டிலிருந்து சொன்னார். அவர்கள் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் இருப்பது ஒரே ஒரு பிளக். கல்யாணப் பலகாரத்துக்கு மாவாட்ட, சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கிரைண்டரைச் சொருகியிருக்கிறார்கள். திரும்ப மாட்ட மறந்தாயிற்று. மீட்டர் சிவப்பைக் காட்டிய பிறகும், பெட்ரோல் கார் மாதிரி இன்னும் கொஞ்ச தூரம் இழுக்கும் என்று அண்ணன் நம்பியிருக்கிறார்.

தப்பு என்னுடையது. வீட்டுக்கு வந்து பிளக்கைப் பார்க்க வேண்டியவள் நான். பார்க்காமலே, "ஹேண்ட்போன் மாதிரிதான்கா, சும்மா சொருகிட்டுத் தூங்குங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அக்கா சன்னல் பக்கமிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஹேண்ட்போன் மாதிரின்னு நீதானே சொன்ன. எங்க வீட்டுல ஹேண்ட்போன் வயர யார் வேணும்னாலும் புடுங்குவாங்க லா."

முடிச்சு

கெட்டிமேளம் தொடங்கும் முன் போய்ச் சேர்ந்தோம். வியர்வையில் நனைந்த முகத்தோடு அக்கா மேடைக்கு ஓடினார். தம்பி தாலியைக் கட்ட, அக்கா முடிச்சைப் போட்டார். நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு நழுவப் போனேன். அண்ணன் விடவில்லை, சாப்பாட்டுப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்.

அக்கா சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு நேராக என் இலைக்கு முன்னால் வந்தார். "இவதான் எனக்குக் கரண்டு காடி வித்தவ. அது பாதி வழியில நின்னுச்சி. இவ பெட்ரோல் காடிதான் என்னக் கொண்டாந்து சேத்துச்சி." பந்தியே சிரித்தது. வாயிலிருந்த அப்பளத்தை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மாப்பிள்ளையின் மாமா விடாமல் கேட்டார், "அப்ப ரெண்டுல எதும்மா நல்லது?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? "வாசல்ல காடிக்குன்னு தனிப் பிளக் இருந்தா கரண்டுதாங்க. செலவு கம்மி, தொல்லை கம்மி. என்ன மாதிரி நாலாவது மாடியில இருந்தா பெட்ரோல்தான். நான் எப்பவும் பெட்ரோல்தான் ஓட்டுறேன்." தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். அக்கா என் இலையில் இன்னொரு வடையை வைத்தார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தாலும் அந்தக் காடியத்தான் வாங்கியிருப்பேன் செலின். கிரைண்டரத்தான் வேற பிளக்குல போட்டிருப்பேன்."

இப்போது என் பழைய காரை ஷோரூம் வாசலிலேயே நிறுத்துகிறேன். வெட்கம் கொஞ்சமும் குறையவில்லை, கோழிச் சோற்றுச் செலவுதான் குறைந்திருக்கிறது.