மசூரின் உருவமில்லாத படங்கள்

கல்முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மசூர் ஊர்க்காரருக்குப் பார்வையைத் தெளிவாக்கிக் கொடுப்பவர். சாய்ந்தமருதில் உள்ள அவர் வீட்டுச் சுவர்களிலோ ஒன்றும் தெளிவாக இராது. பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றியெடுத்த மரச்செதுக்குப் படங்கள்: கறுப்புக் கட்டங்கள், கீறல்கள், எங்கும் போய்ச் சேராத வளைவுகள். படம் தலைகீழாகத் தொங்குகிறதோ என்று விருந்தாளிகள் மரியாதையாகக் கேட்பார்கள். மசூருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

உயிருள்ளவற்றின் உருவம் வீட்டுச் சுவரில் இருக்கக்கூடாது என்பது மனைவி நஜ்லாவின் உறுதி. உருவமே இல்லாத ஓவியத்தில் கணவருக்குப் பைத்தியம். இவ்வளவு பொருத்தமான தம்பதி கிடைப்பது அரிது.

மசூரிடம் இருந்தவற்றில் ஆகச் சிறந்தது, ஆலையடிவேம்பில் சித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்ற புண்ணியமூர்த்தி செதுக்கியது. அது தூங்கும் தன் மனைவி கேதீஸ்வரி என்று விற்கும்போதே அவர் சொல்லியிருந்தார். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. மசூர் வீட்டில் சொல்லவில்லை. நஜ்லாவுக்குப் பிடித்த ஒரே படமும் அதுதான். கடல் அலை போலிருக்கிறது என்று, தான் தொழும் அறையில், தொழும்போது முகம் நோக்கும் கிப்லாப் பக்கச் சுவரில் தானே மாட்டினார். அன்றிலிருந்து நஜ்லா அதன் முன் நெற்றி நிலத்தில் பட சுஜூதுக்குக் குனியும்போதெல்லாம் மசூருக்குக் குசினியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

இந்த ஆண்டு கேதீஸ்வரி இறந்துபோனார். செத்த வீட்டில் புண்ணியமூர்த்தி மசூரின் கையைப் பிடித்துக்கொண்டார். பலகையைக் கறையான் தின்றுவிட்டது, வேறு பிரதியும் இல்லை என்றார். "உங்கட வீட்டுச் செவத்திலயாவது அவ இருக்கா. அது போதும் எனக்கு."

மசூர் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். நஜ்லா சத்தம் போடவில்லை.

"என்ட தொழுகைய அல்லாஹ் பாத்துக்குவான். உங்கட பொய்ய நான் என்ன செய்யிற?"

நஜ்லா படத்தைக் கழற்றி, கழுவிய விரிப்பில் சுற்றி, அலுமாரியில் வைத்தார். பாவமன்னிப்புக் கேட்டு தௌபா செய்துகொண்டால் தீர்ந்துவிடும் என்று மசூர் ஆறுதலடைந்தார். விடிந்ததும் நஜ்லா தேத்தண்ணியோடு வந்தார்.

"இஞ்சாருங்க, அந்த மனுசன்ட பொஞ்சாதிய நம்மட அலுமாரிக்குள்ள என்னத்துக்குப் பூட்டி வெச்சிரிக்க? கொண்டு போய்க் குடுத்திட்டு வாங்க."

இப்படியொரு தண்டனையை மசூர் எதிர்பார்க்கவில்லை. ஓம் என்றார். படத்தோடு மோட்டார் சைக்கிளை எடுத்தவர் ஆலையடிவேம்புப் பக்கம் போகாமல் கடைக்கே போனார். பின்னேரம் திரும்பி, புண்ணியமூர்த்தி வீட்டில் இல்லை என்று படத்தை மறுபடி அலுமாரியில் வைத்தார்.

நஜ்லா தொழப் போனதும் அலுமாரியைத் திறந்து விரிப்பை விலக்கினார். கோடுகளைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டார். ஒரு தோளும் அவிழ்ந்த கூந்தலும் தெரிந்தன. படத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்; அப்போதும் கேதீஸ்வரி தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாளும் புண்ணியமூர்த்தி வீட்டில் இல்லை என்றுதான் நஜ்லாவிடம் சொன்னார்.