அடைக்கோழிக்காக நேர்ந்துவிட்ட சேவல்

கோரிப்பாளையத்து மாடி வீட்டில் இருந்தபோது, கைப்பிடிச் சுவர்மேல் ஒரு துளசித் தொட்டி வைத்தால்கூட அது தெருவில் போகிறவர் தலையில் விழுமோ என்று எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்ட என்னைத்தான், காய்கறி போடுவோம், கோழி வளர்ப்போம் என்று என் வீட்டுக்காரர் நாகமலைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கிக் கூட்டிப்போனார். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். எதற்கும் பயம் கிடையாது. நான் எட்டாம் வகுப்போடு நின்று தையல் மிஷினில் உட்கார்ந்தவள். பரீட்சையில் ஃபெயிலாகிவிடுவேனோ என்ற பயத்தில் பரீட்சைக்கே போகாமல் இருந்துவிட்டேன்.

சித்திரை வெயிலைக் கத்தரி நாற்று தாங்காதே என்று என் பழைய சேலைகளைப் பாத்திக்கு மேலே பந்தலாகக் கட்டினேன். ரோட்டில் போன இரண்டு பேர் கல்யாண வீடு என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

கோழிகள் நான்கு, சேவல் ஒன்று. சேவல் அவருக்கு உயிர். அதை 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். காலையில் ஆட்டோவில் தன் சீட்டிலேயே ஓரமாக உட்காரவைத்துக் காளவாசல் வரை ஒரு சுற்றுப் போய் வருவார். சிக்னலில் பச்சை விழுந்தும் முன்னால் நிற்கிற வண்டி நகராவிட்டால் அது கூவும் என்று பெருமையாகச் சொல்வார்.

ஒருநாள் சிவப்புக் கோழி கூடையைவிட்டு எழுந்திருக்கவில்லை. இரை போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. சிறகெல்லாம் உப்பி, கண் நிலைகுத்தி, கிட்டே போனால் கர்ர் என்றது. வயிற்றுப் பக்கம் தொட்டால் அப்படிச் சுட்டது. கழிச்சல் நோய் வந்தால் ஒரு கோழியும் மிஞ்சாது என்று போனில் வீடியோ பார்த்திருந்தேன். கோழிக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கொண்டைமேல் ஈரத்துணியைப் போட்டேன். அது துணியைக் கொத்தித் தூர எறிந்தது. சன்னி கண்டுவிட்டது என்று முடிவு செய்து, கண்மாய்க்கரைக் கருப்பசாமி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். "கருப்பா, இது எந்திரிச்சிருச்சுன்னா எங்க சேவல உனக்கே விட்டுர்றேன்."

மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்த கையோடு அடுத்த தோட்டத்து டீச்சரைக் கூப்பிட்டேன். பசுமலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவரைப் பார்த்தாலே கையை நீட்டி நிற்கத் தோன்றும்.

டீச்சர் குனிந்து பார்த்தார். "நோயுமில்ல, ஒண்ணுமில்ல. அடைக்கு உக்காந்திருக்கு. அடியில முட்டை இருக்கான்னு பாத்தியா?"

"எந்திரின்னு சொன்னேன், எந்திரிக்கல டீச்சர்."

"நீ சொன்னதும் எந்திரிக்க அது என்ன ஏழாங்கிளாஸா?"

டீச்சர் சொன்னபடியே அடியில் முட்டைகள் இருந்தன, குஞ்சுகள் பொரிந்தன. கோழி அத்தனையையும் கூட்டிக்கொண்டு கம்பீரமாக எழுந்து வந்தது. அன்றைக்குத்தான் வேண்டுதல் விஷயத்தை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"கோழிக்கு ஒண்ணுமே இல்லையே. அப்புறம் என்ன வேண்டுதல்?" என்றார்.

"எந்திரிச்சா விடுறேன்னு சொல்லிட்டேங்க. எந்திரிச்சிருச்சே."

"கருப்புக்கு அடைக்கோழி எதுன்னு தெரியாதாக்கும்?"

"தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தாருன்னா சேவல் மேல ஆசைன்னுதான அர்த்தம்?"

அவர் என்னைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார், வெளியே போய்விட்டார்.

அந்த வாரம் மோட்டார் ஓடவில்லை. பப்பாளி பூத்தது, அத்தனையும் ஆண் மரம். ஒரு பருந்து குஞ்சுகளுக்கு மேலேயே வட்டம் போட்டது. ஒவ்வொன்றுக்கும் நான் கண்மாய்ப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கடைசியில் அவரே, "விட்டுரு தாயி. நீயும் தூங்க மாட்டேங்குற, என்னையும் தூங்க விட மாட்டேங்குற" என்று சேவலை ஆட்டோவில் ஏற்றினார்.

அந்தக் கோயிலில் அறுப்பதில்லை. காலைக் கட்டிச் சாமி முன்னால் விட்டால் வேண்டுதல் தீர்ந்தது. வந்த சேவல்களை எல்லாம் வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஏலம் விடுவார்கள். எடுக்கிறவர்கள் குழம்புக்குத்தான் எடுப்பார்கள்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆட்டோ ஓட்டும்போது தன் சீட்டில் பாதியைக் காலியாகவே விட்டு, ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்து ஓட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. தனியாகப் போய்ப் பூசாரியிடம், விட்டவர்களே ஏலத்தில் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"யாரு வேணாலும் எடுக்கலாம். சாமிக்குக் காசு வந்தாச் சரி" என்றார். சிரித்த மாதிரிகூட இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் சவாரி இருக்கிறது என்று கிளம்பினார். நான் கோழித் தீவனம் வாங்கப்போவதாகச் சொல்லி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கோயில் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். எங்கள் சேவலைத் தூக்கிக் காட்டினார்கள். நான் ஒரு விலை கேட்டேன். எதிர்ப்பக்கம் காக்கிச்சட்டை போட்ட ஒரு தடித்த ஆள் அதற்கு மேலே கேட்டார். நான் ஏற்றினேன். அவரும் ஏற்றினார். அவர் தொப்பையைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குழம்பு வாசனையே வந்துவிட்டது. தையல் காசு முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"அண்ணே, விட்டுருங்கண்ணே. எங்க வீட்டுச் சேவல். எங்க வீட்டுக்காரரு ஒழுங்காச் சாப்பிடக்கூட இல்ல."

அவர் முக்காட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நீயா? நானும் உன் வீட்டுக்காரனும் ஒரே ஆட்டோ ஸ்டாண்டு. அவன்தேன் என்னையக் கேக்கச் சொன்னான். தான் கேட்டா நீ கோவிச்சுக்குவியாம், சாமி குத்தம்னு பயந்துருவியாம்."

அவர் காட்டிய இடத்தில் எங்கள் ஆட்டோ நின்றது. பின்சீட்டில் ஒரு ஆள் நியூஸ் பேப்பரால் முகத்தை மறைத்திருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

நான் பூசாரியிடம் திரும்பினேன். "நாங்க ரெண்டு பேரும் ஒரே வீடுதாங்க. விலையக் கொஞ்சம்..."

"ஒரே வீடுதேன். தெரியுமே. நீ கேட்டுட்டுப் போன, அவரும் வந்து இதையேதேன் கேட்டாரு. சாமிக்கு வருமானம் வாரப்ப நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?"

திரும்பும்போது சேவல் அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. இத்தனை நாள் பேசாததற்கெல்லாம் சேர்த்து அவர் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒரே ஒரு கவலைதான். சாமியிடம் இருந்து வந்த சேவலைக் கீரைப்பாத்தியைக் கிளறும்போது விரட்டலாமா? டீச்சரைக் கேட்டால் அடிக்க வருவார்.

கண்மாய் மேட்டில் ஏறும்போது ஆட்டோ நின்றுவிட்டது. இழுத்து இழுத்துப் பார்த்தார், கிளம்பவில்லை. சுற்றிலும் ஒரு ஆள் கிடையாது. என்னையறியாமல் என் கை குவிந்தது.

"கருப்பா, இந்த ஆட்டோ மட்டும் கிளம்பிருச்சுன்னா..."

அவர் ஒரு கையால் என் வாயைப் பொத்தினார். இன்னொரு கையால் சேவலைச் சட்டைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். "இறங்கு" என்றார். "தள்ளிக்கிட்டே போயிருவோம்."