சிவப்புக் கோடு

அந்த வெள்ளைக்காரக் கிழவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. ஸ்காபரோவில் ஒரு நூலகத்தில் நான் காவலாளியாக இருந்தபோது தினமும் வருவார். கம்பளித் தொப்பியைக் கோடையிலும் கழற்றமாட்டார். டென்மார்க்கிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கனடாவுக்கு வந்த தன் முன்னோரை, மேசை நீளத் தாளில் கிளைகிளையாக எழுதிக்கொண்டிருப்பார். ஒரு கிளையில் இனி ஆளில்லை என்று தெரிந்தால் சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்துவிடுவார்.

ஒருநாள் ஜெர்மன் பூட்டனாரின் பெயருக்குப் பக்கத்தில் இழுத்தார்.

"இவருக்குச் சகோதரர்கள் இல்லை. கப்பலிலிருந்து இறங்கியபோது தானே எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்றார்.

"பொய்யாக எழுதியிருந்தால்?" என்று கேட்டேன்.

என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "கூடப் பிறந்தவனை எவன் இல்லையென்று எழுதுவான்?"

நான் வாசலடிக்குப் போய்விட்டேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னுடைய அகதி விண்ணப்பத்தை நிரப்ப உதவிய ஊர்க்காரர் சொன்னது காதில் கேட்டது.

"உங்கட தம்பி இயக்கத்தில எண்டு தெரிஞ்சால் உங்களை எடுக்கமாட்டாங்கள் அண்ணை. சகோதரம் ஒருத்தரும் இல்லையெண்டு போடுங்கோ."

போட்டேன். நல்ல தெளிவான கையெழுத்தில்தான் போட்டேன்.

அப்படிப் போட்ட அன்றைக்குத் தம்பி உயிரோடு இருந்தான்.