மரியநாயகி கேட்ட முற்றம்

நெடுந்தீவில் மரியநாயகியைத் தெரியாதவர்கள் குறைவு. "புருஷனிட்டை முற்றம் கேட்டவளோ?" என்பார்கள். அவள் என் சின்னம்மாவின் மகள். மாட்டுக்குப் பின்னால் ஓடி, புல்வெளியில் நின்ற குதிரைகளைத் துரத்தி வளர்ந்தவள். லியோனைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய், கொட்டாஞ்சேனையில் ஒரு மாடியறையில் இருந்தாள். கீழே தெரு முழுக்க லொறி. அதனால் மகள் ஜசிந்தாவை வாசல் தாண்ட விடமாட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே பிள்ளைக்கு ஐந்து வயதாகிவிட்டது.

கொழும்பில் குண்டு விழுந்த வருஷம் தாயும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளையைப் பார்த்தேன். படி இறங்கத் தெரியும். மணலில் கால்வைக்கத் தெரியாது. ஊட்டும் சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டே இருக்கும்.

"வெளியிலை விடனடி" என்றேன்.

"வெயில் அக்கா. முள்ளு. மாடு முட்டிப் போடும்."

"உன்னை எத்தினை மாடு முட்டினது?"

"அவள் கொழும்புப் பிள்ளை. அவளுக்கு ஏலாது."

எங்கள் ஊரில் காணிக்குக் காணி கல்வேலி. சாந்து கிடையாது, கடற்கரையில் பொறுக்கிய முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுதான். அந்தப் பக்கம் வல்லிபுரமண்ணையின் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டு, ஜசிந்தா ஒருநாள் கல்லிடுக்கால் பார்த்திருக்கிறாள். வடிவாகத் தெரியட்டும் என்று ஒரு கல்லைத் தள்ளியிருக்கிறாள். வேலி பொலபொலவென்று சரிந்தது. எங்கள் ஆடுகள் அதனூடாகப் போய் அவருடைய கத்தரியை மேய்ந்துவிட்டன.

வல்லிபுரமண்ணை வாசலில் வந்து நின்றார். "ஆர் தட்டினது?"

"பிள்ளை தெரியாமல்... நான் கூலிக்கு ஆள்விட்டு அடுக்கித் தாறன் அண்ணை" என்றாள் மரியநாயகி.

"கூலிக்கோ? தட்டின கைதான் அடுக்கவேணும். ஊர் வழக்கத்தைக் கொழும்பிலை வித்துப்போட்டியோ?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையை வேலிப் பக்கம் அனுப்பினேன். வழக்கம் வழக்கம்தான்.

பிள்ளை சப்பாத்தோடு போய் ஒரு கல்லை வைத்தாள். அது உருண்டது. வல்லிபுரத்தின் பிள்ளைகள் சிரித்தார்கள். "சப்பாத்தைக் கழட்டடி, கல்லுக்கு உன்னைக் கண்டு வெக்கம்!" கழற்றினாள். பெரிய கல் கீழே, சின்னக் கல் இடுக்கில் என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. விழ விழ அவளே கண்டுபிடித்தாள். கல்லுக்குள்ளிருந்து ஓணான் ஓடினால் வேலை நின்றுவிடும். எல்லோரும் அதன் பின்னால். "விழப்போறாள்!" என்று மரியநாயகி எழும்பும்போதெல்லாம் நான் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

வேலி அன்றைக்கு முடியவில்லை, அடுத்த நாளும் முடியவில்லை. முடிந்துவிடக் கூடாதென்று ஜசிந்தாவே தட்டிவிட்டாள் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்லுவேன்.

ஒரு பின்னேரம் முழங்கால் உரிந்து, தலையெல்லாம் மண்ணாக வந்து நின்றாள். "அம்மா, பசிக்குது."

மகளின் வாயால் அந்தச் சொல்லை மரியநாயகி கேட்டதே இல்லை. குசினிக்குள் போய் அழுதுவிட்டுத்தான் சோறு போட்டாள்.

குண்டுப் பயம் தெளிந்ததும் லியோன் கூட்டிப்போக வந்தார்.

"மாடியறைக்கு வரமாட்டம்" என்றாள். "முற்றம் உள்ள வீடு பாருங்கோ."

"கொழும்பிலை முற்றத்துக்கு நான் எங்கை போறது? விசர்க்கதை கதையாதையும்."

"மண் தெரிஞ்சால் காணும்."

அவர் கோபித்துக்கொண்டு தனியே வள்ளம் ஏறினார். ஊர் சிரித்தது. அவள் அசையவில்லை. மாரிக்கு முன் லியோன் திரும்பி வந்தார். கொழும்புக்கு வெளியே வத்தளையில் வீடு பார்த்திருந்தார்.

பிறகு ஒருமுறை நான் அங்கே போனேன். ஒழுகும் கூரை, பின்னால் ஒரு துண்டு வெறும் நிலம். அயல் பிள்ளைகள் எல்லாம் அதற்குள்தான். ஒழுக்குக்குச் சட்டி வைத்தபடி மரியநாயகி சொன்னாள்: "முருகைக்கல்லுத்தான் இல்லை அக்கா. உடைஞ்ச செங்கல் கொண்டுவந்து கொட்டினன்."

வெளியே ஜசிந்தாவின் குரல் கேட்டது.

"தட்டினது நீ. நீதான் அடுக்கவேணும்."