கழுவாமல் விட்ட படகு

என் நாத்தனாருக்கு ஏரித்துறையில் எல்லோரும் வைத்த பெயர் ‘சுடுதண்ணி’. வெளியிலிருந்து வரும் எந்தப் படகும் அவள் கையிலிருக்கும் குழாயில் கொதிக்கக் கொதிக்கக் குளிக்காமல் எங்கள் ஏரியில் இறங்க முடியாது. அவளுடைய குணத்துக்கும் அந்தப் பெயர் பொருத்தம்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அதில் வெந்துகொண்டுதான் இருக்கிறேன்.

வேறு ஏரிகளில் ஒரு சின்னச் சிப்பி பரவியிருந்தது. விரல் நகம் அளவுதான். அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது. படகின் அடியில் தேங்கிய ஒரு கை தண்ணீரில் வந்துவிடும். ஒரு தடவை புகுந்துவிட்டால் பிறகு யாராலும் ஒழிக்க முடியாது. அதனால் படகின் அடைப்பைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடித்து, அடிப்பாகம் முழுக்கச் சுடுதண்ணீர் அடித்து, துடைத்து அனுப்ப வேண்டும். இவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். நங்கூரக் கயிற்றின் முறுக்கைக்கூடப் பிரித்துப் பார்ப்பாள். பெரிய அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு வந்து, “நான் யார்னு தெரியுமா?” என்று எகிறியபோது, “உங்களத் தெரியும் சார், உங்க படகு எங்க போய்ட்டு வந்துச்சுன்னுதான் தெரியாது” என்றாள்.

என் வீட்டுக்காரர் அவளுக்குக் கூடப் பிறந்த அண்ணன். அதே ஏரியில் மிதிபடகுகளை வாடகைக்கு விட்டுத்தான் எங்கள் குடும்பம் ஓடியது. பழுது பார்க்க வெளியே போய்த் திரும்பினால் அண்ணன் படகும் வரிசையில்தான் நிற்க வேண்டும். “அண்ணன்னு ஒரு இது இருக்கா இவளுக்கு?” என்று அவர் என்னிடம் வந்து புலம்புவார்.

அன்று காற்று பேயாக அடித்தது. வேறொரு ஏரியில் மூழ்கியவரைத் தேடப் போயிருந்த மீட்புப் படகு, வண்டியில் ஏறித் திரும்பி வந்து கழுவும் மேடையில் நின்றது. அவள் அடைப்பைத் திருகத் தொடங்கியிருந்தாள். அப்போதுதான் கரையில் கூச்சல் கிளம்பியது. கட்டவிழ்ந்த மிதிபடகு ஒன்றைப் பிடிக்கப் போன என் வீட்டுக்காரர், தலையில் அடிபட்டு நடு ஏரியில் விழுந்துவிட்டார். அந்த நேரத்தில் துறையில் வேறு மோட்டார் படகு இல்லை.

மீட்புப் படையாள் கத்தினார்: “என்னக்கா செய்யட்டும்? சொல்லுக்கா!”

அவள் படகைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அடைப்பைத் திரும்ப இறுக்கிவிட்டு, “இறக்குங்க” என்றாள்.

அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மூச்சு இருந்தது. நான் அவள் காலில் விழாத குறை. அவளோ குழாயைப் பிடித்தபடி தண்ணீரையே வெறித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் பிழைத்த சந்தோஷம் அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை. எனக்கு அப்போது ஆத்திரம்தான் வந்தது.

அதற்கு அடுத்த கோடையில் படித்துறையில் குளித்தவர்களின் பாதம் கிழிந்தது. மிதிபடகைக் கவிழ்த்தால் அடியெல்லாம் சிப்பி அப்பிக் கிடந்தது. மோட்டார் படகுகளின் குழாய்கள் அடைத்துக்கொண்டன. கரை முழுக்கச் செத்த சிப்பியின் நாற்றம், யார் வருவார்கள்? விசாரணைக்கு வந்தவர்கள் தலைகீழாக நின்றாலும் எந்தப் படகு என்று கண்டுபிடித்திருக்க முடியாது. இவள்தான் தானாகப் போய், “நான்தான் கழுவாம விட்டேன்” என்றாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், பாவி.

வேலையை விட்டு நீக்கவில்லை. உள்ளே வரும் படகைக் கழுவி இனி என்ன ஆகப்போகிறது? வெளியே போகிற படகுகளைக் கழுவுகிறாள், எங்கள் ஏரியின் சனியன் இன்னொரு ஏரியைப் பிடிக்கக் கூடாது என்று. யாரும் அவளைச் சுடுதண்ணி என்று கூப்பிடுவதில்லை. கூப்பிடுவதே இல்லை.

என் வீட்டுக்காரர் படகுகளைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டு வீட்டில் முடங்கிவிட்டார். யாரோடும் பேச்சில்லை. போன வாரம் அவள் வந்திருந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

“அன்னைக்கு நீ அந்தப் படகக் கழுவிட்டே விட்டிருக்கலாம்.”

“கழுவி முடிக்க அரை மணி நேரம் ஆகும்ணா.”

“தெரியும்” என்றார்.